இருபத்தேழாம் எண் பாய்

ஐந்து பதினொன்று.

லிஃப்ட் மெக்கானிக் ஓடிக்கொண்டிருந்தார். வலது காலில் ரப்பர் ஷூ. இடது காலில் ஒன்றுமில்லை. அது படகுத்துறையில் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது, எடுக்கத் திரும்பினால் ஒரு நிமிடம் போய்விடும். கக்கத்தில் ஈரம் சொட்டச் சொட்டச் சுருட்டிய படகுப் பாய். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றக்கூட இல்லை.

நடுவர் அறை மூன்றாவது மாடியில். ஊரில் பாதிக் கட்டிடங்களின் லிஃப்டுக்கு அவர்தான் வைத்தியர். பாய்மரப் படகு கிளப்பில் மட்டும் லிஃப்டே கிடையாது. அறுபத்து நாலு படி.

ஐந்து இருபதுக்கு முடிவுப் பட்டியலை ஒட்டிவிடுவார்கள். கடைசிப் படகு வந்து சேர்ந்ததிலிருந்து ஒரு மணி நேரம்தான் கெடு. யார் மீது புகார் சொல்வதானாலும், தன் தப்பைத் தானே ஒப்புக்கொள்வதானாலும் அதற்குள் தாளில் எழுதிக் கொடுத்தாக வேண்டும். ஒட்டிய பிறகு ஒட்டியதுதான்.

முதல் படியிலேயே மனைவி மறித்தாள். கையில் போன்.

"என்னங்க, எங்க இந்த ஓட்டம்? அம்மா லைன்ல இருக்காங்க. ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்க."

"அப்புறம் பேசறேன்."

"ஏழு வருஷத்துல இப்பதான் அவங்களா 'பெரிய மாப்பிள்ளைகிட்ட குடு'ன்னு கேக்கறாங்க. உங்களுக்கு அப்புறமா?"

நியாயமான கேள்விதான். ஏழு வருடமாக அந்த வீட்டில் மாப்பிள்ளை என்றால் சின்ன மாப்பிள்ளைதான். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், மெக்கானிக்கின் சகலை. போன வருடம் வரை வரிசையாக ஆறு வருடம் கோப்பை அவருக்கு. ஆறு வருடமும் இரண்டாவது இடம் மெக்கானிக்குக்கு. மாமியார் வீட்டுக் கூடத்தில் ஆறு போட்டோ, ஆறிலும் சின்ன மாப்பிள்ளை கோப்பையோடு சிரிப்பார். ஒன்றில் மட்டும் ஓரத்தில் மெக்கானிக்கின் முழங்கை தெரியும். தூசி தட்டும்போது மாமியார் அதையும் சேர்த்துத் துடைப்பதாக மனைவி ஒருமுறை ஆறுதல் சொன்னாள்.

இந்த வருடம் கடைசிப் போட்டிக்கு வரும்போது இரண்டு பேரும் சமப் புள்ளி. யார் முன்னால் வருகிறாரோ அவருக்குக் கோப்பை. மெக்கானிக் முதலில் வந்துவிட்டார். பதினோரு வினாடி வித்தியாசம்.

போனை வாங்கிக் காதில் வைத்தார். "அத்தை, யார்கிட்டயும் இப்போதைக்குச் சொல்லிடாதீங்க."

"எதிர்வீடு, மாடிவீடு, தையல்கார அம்மா, எல்லாருக்கும் சொல்லியாச்சு மாப்பிள்ளை. இன்னும் தபால்காரர் ஒருத்தர்தான் பாக்கி."

"தபால்காரருக்கு முன்னாலயே நிறுத்திக்குங்க."

போனை மனைவியிடம் திணித்துவிட்டுப் படியில் தாவினார். "என்ன ஆச்சு உங்களுக்கு?" என்று அவள் கேட்டது முதல் திருப்பம் வரை துரத்தி வந்தது.

ஐந்து பன்னிரண்டு.

என்ன ஆச்சு என்றால், காலையில் ஆரம்பித்தது.

படகைத் தள்ளுவண்டியில் இறக்கும்போது ஒரு ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக்கின் பாய், எண் இருபத்தொன்று, அதில் மாட்டி ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்தது. போட்டிக்கு நாற்பது நிமிடம் இருந்தது. பாய் இல்லாத பாய்மரப் படகு வெறும் தொட்டி. அதில் குளிக்கலாம், போட்டி போட முடியாது.

அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் சகலை வந்தார், தோளில் தன்னுடைய இரண்டாவது பாயோடு.

"இதை மாட்டுங்க. போன வருஷப் பாய். நல்லாத்தான் இருக்கு."

"சகலை, நான் வரலன்னா கோப்பை தன்னால உங்க கைக்கு வந்துடும்."

"தன்னால வர்றதுக்கா வாரா வாரம் தண்ணியில நனையறோம்? எழுந்திருங்க. நேரம் ஆகுது."

பாயில் ஒரே ஒரு சிக்கல். இரண்டு பக்கமும் பெரிதாக 27 என்று சகலையின் எண். சகலை தன் படகில் கட்டியிருந்த பாயிலும் அதே 27. ஒரே எண்ணில் இரண்டு படகு ஓடினால் நடுவருக்குப் பைத்தியம் பிடிக்கும். ஆனால் சகலை மூளைக்காரர். ஏழின் தலையில் இருக்கும் கோட்டை மறைத்துவிட்டால் மிச்சம் நிற்பது ஒன்று. இருபத்தேழு இருபத்தொன்றாகிவிடும். பெட்டியைத் திறந்தார், வெள்ளை டேப் எடுத்தார், இரண்டு பக்கமும் ஒட்டினார், தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நடுவரம்மாவும் வந்து பார்த்து, "இருபத்தொண்ணு தெரியுது, போங்க" என்று அனுமதி கொடுத்தார்.

ஒட்டினவர் பாய்க்காரர் அல்ல, கண்ணாடிக் கடைக்காரர். அவர் பெட்டியில் இருந்தது கண்ணில் பஞ்சு வைத்து ஒட்டுகிற காகித டேப். கண்ணுக்கு இதமானது. தண்ணீர் பட்டால் சொல்லிக்கொள்ளாமல் போய்விடும்.

அது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

ஐந்து பதிமூன்று. இரண்டாவது மாடித் திருப்பம்.

மேலேயிருந்து யாரோ இறங்கும் சத்தம். மெக்கானிக் நிமிர்ந்தார்.

சகலை.

உடை மாற்றித் தலை வாரி, சட்டைப் பையில் பேனாவோடு நடுவர் அறைப் பக்கமிருந்து வந்தார். மெக்கானிக்கைக் கண்டதும் அப்படியே நின்றார். முகம் ஒரு மாதிரி ஆனது.

"எங்க சகலை?"

"மேல."

"எதுக்கு?"

"சும்மா ஒரு வேலை. நீங்க எதுக்குப் போனீங்க?"

"சும்மாதான்."

சும்மா இரண்டு பேர் மூன்றாவது மாடி ஏற மாட்டார்கள். சகலையின் விரல் நுனியில் புது மை. மெக்கானிக்கின் கண் அங்கே போனதைப் பார்த்து, சகலை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இப்ப மேல போகாதீங்க," என்றார் சகலை. குரல் தாழ்ந்திருந்தது. "கோப்பை குடுத்து முடிக்கட்டும். அப்புறம் என்னை என்ன வேணா கேளுங்க."

மெக்கானிக் கக்கத்துப் பாயை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

தெரிந்துவிட்டது. சகலைக்குத் தெரிந்துவிட்டது, புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்.

"வழி விடுங்க சகலை."

"சொன்னா கேளுங்க."

"மணி ஆகுது."

தோளை ஒதுக்கிக்கொண்டு ஏறினார். பின்னாலிருந்து சகலை ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. காதில் ஒலித்ததெல்லாம் மதியத்து ஹாரன்தான்.

போட்டி தொடங்குவது ஒரு கற்பனைக் கோட்டில். ஒரு முனையில் நடுவர் படகு, மறுமுனையில் ஒரு மிதவை. ஹாரன் அடிக்கும் வரை யாருடைய படகின் மூக்கும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. ஆனால் எல்லோரும் அதை ஒட்டிக்கொண்டுதான் நிற்பார்கள், பஸ் கதவில் நிற்பதைப் போல. பத்தொன்பது படகு. ஹாரன் அடித்தது. உடனே இன்னொரு ஹாரன். நடுவர் படகில் நீலச் சிலுவைக் கொடி ஏறியது. யாரோ முந்திவிட்டார்கள்.

ஒலிபெருக்கியில் நடுவரம்மாவின் குரல்: "இருபத்தேழு. இருபத்தேழு முந்திடுச்சு."

மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். இரண்டு படகு தள்ளி, சகலை ஒரு வார்த்தை பேசாமல் சுக்கானைத் திருப்பி, கூட்டத்துக்குள் வளைந்து நெளிந்து பின்னால் போய், கோட்டைச் சுற்றிவந்து மறுபடி தொடங்கினார். அதற்குள் மற்ற பதினெட்டுப் படகும் முன்னால். நாற்பது வினாடி போயிருக்கும்.

மெக்கானிக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. வாயெல்லாம் பல். அலை முகத்தில் அடித்து உப்புத் தண்ணீர் உள்ளே போனபோதுதான் மூடினார்.

சகலை சளைத்தவரில்லை. கடைசியிலிருந்து ஒவ்வொருவராகத் தாண்டி வந்து, முடிவுக் கோட்டில் பதினோரு வினாடி பின்னால் இரண்டாவதாக முடித்தார். தாண்டும்போது கையை உயர்த்தி, "பிரமாதம் சகலை," என்று வேறு சொன்னார்.

கரைக்கு வந்து, தோளில் தட்டியவர்களுக்கெல்லாம் சிரித்து, பாயை இறக்கி உதறி மடிக்கும்போதுதான் பார்த்தார். இடது பக்கம் 21. வலது பக்கம் 27. தொடக்கத்தில் நடுவர் படகைப் பார்த்து இருந்தது வலது பக்கம், முடிவுக் கோட்டில் இடது.

டேப் இருந்த இடத்தில் பசைகூட இல்லை.

அப்புறம் அவர் செய்ததை ஒளிக்க வேண்டியதில்லை. பாயைச் சுருட்டினார். இறுக்கிக் கட்டினார். சகலையின் படகுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நாலு அடி நடந்தார். யாருக்கும் தெரியாது. நடுவர் புத்தகத்தில் இருபத்தேழு முந்தியது, இருபத்தேழு திரும்பியது, கணக்கு நேர். ஏழு வருடத்தில் முதல் கோப்பை. மாமியார் கூடத்தில் முழங்கைக்குப் பதிலாக முகம்.

ஐந்தாவது அடியில் நின்றார். சகலை பாயைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தது கண்ணில் நின்றது. ஓடி வந்து பாயை எடுத்தார். அந்த அவசரத்தில்தான் ஷூ போனது.

ஐந்து பதினைந்து. கதவு.

நடுவரம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். மேஜையில் முடிவுப் பட்டியல் தயார், பக்கத்தில் பலகையில் குத்த நாலு குண்டூசி. பட்டியலுக்கு அடியில் இன்னொரு தாளின் ஓரம் தெரிந்தது. கோணல் மாணலான அந்தக் கையெழுத்தை மெக்கானிக்குக் கண்ணாடி ரசீதுகளில் பழக்கம். சகலையின் கையெழுத்து.

டீச்சர் சட்டென்று அதை உள்ளே தள்ளினார்.

இனிமேல் சொன்னால் மாட்டிக்கொண்டு சொன்னதாகத்தான் இருக்கும். பரவாயில்லை. சொல்லாமல் கீழே போக முடியாது.

"டீச்சர், ஒரு தாள் குடுங்க."

"யார் மேல?"

"என் மேல."

பாயை மேஜை மேலேயே விரித்தார். குண்டூசிகள் நனைந்தன. 27 நடுவரம்மாவைப் பார்த்துப் பளிச்சென்று நின்றது.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நீங்க கோட்டைத் தாண்டினதை நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல. கணக்குப் போட்டேன்."

"சொல்லுங்க."

"ஹாரன் அடிச்சப்ப சகலையோட படகு மூக்கு என் முதுகுக்கு நேரா இருந்துச்சு. நான் படகு நடுவுல உட்கார்ந்திருந்தேன். அதாவது நான் அரைப் படகு முன்னால. முந்தின படகு எவ்வளவு முந்திச்சு?"

டீச்சர் குறிப்பைப் புரட்டினார். "ஒரு கை நீளம். ஒரே ஒரு படகு."

"அரைப் படகு பின்னால இருந்தவர் எப்படி முந்த முடியும்? நீங்க பாத்த இருபத்தேழு நான்தான். அவர் சும்மா திரும்பிப் போயிருக்கார். நான் திரும்பவே இல்ல."

டீச்சர் பென்சிலால் இரண்டு கோடு கிழித்துப் பார்த்தார். "விடை சரி. ஆனா ஸ்டெப் எழுதிக் குடுங்க. ஸ்டெப் இல்லாம நான் யாருக்கும் மார்க் போட்டதில்ல." பிறகு பெருமூச்சு விட்டு, "இருபத்தேழு திரும்பிடுச்சுன்னு டிக் போட்டது நான். டேப் உரிஞ்சிருக்கான்னு பாக்கல. என் தப்பையும் கீழ எழுதறேன்," என்றார்.

மெக்கானிக் எழுதினார். அப்போதுதான் பசித்தது. முந்திவிட்டுத் திரும்பாதவருக்கு அந்தப் போட்டி இல்லை என்று அர்த்தம். சகலை முதல் இடம். ஏழாவது கோப்பை.

"தெரியும்ல?" என்றார் டீச்சர்.

"தெரியும்."

"இதை நீங்க சொல்லலன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"அதான் சகலை எழுதிக் குடுத்துட்டாரே."

டீச்சர் பேனாவை மூடிவிட்டு அவரை ஒரு தினுசாகப் பார்த்தார். "அவர் எழுதினதுல உங்க படகைப் பத்தியோ பாயைப் பத்தியோ ஒரு எழுத்து கிடையாது."

"அப்ப என்ன எழுதியிருக்கார்?"

"விழாவுல படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கார். அதுவரைக்கும் நான் சொல்ல முடியாது. இன்னைக்கு எனக்கு என்ன நாளோ தெரியல. கீழ போய் முதல்ல எதையாவது சாப்பிடுங்க."

ஐந்து பத்தொன்பது. பழைய பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத உட்கார்ந்தார் டீச்சர்.

மெக்கானிக் ஒரு ஷூவோடு நிதானமாக இறங்கினார். விசித்திரமாக இருந்தது. ஏறும்போது அறுபத்து நாலு படி, இறங்கும்போது இருபதுதான் இருந்த மாதிரி.

சகலை அதே திருப்பத்தில், அதே படியில் உட்கார்ந்திருந்தார்.

"நான் எழுதினதைப் படிச்சீங்களா?"

"இல்ல. நீங்க முதல்ல இதைக் கேளுங்க. உங்க டேப் உரிஞ்சு போச்சு. முந்தினது நீங்க இல்ல, நான். கோப்பை உங்களுக்கு."

சகலை படியிலிருந்து எழுந்தார். "எந்த டேப்?"

"கண்ணுக்கு ஒட்டற டேப்."

"அட கடவுளே." நெற்றியில் அடித்துக்கொண்டார். "கடைக்கு வர்றவங்ககிட்ட தினம் 'தண்ணி படாம பாத்துக்குங்க'ன்னு சொல்லி அனுப்பறவன் நான்."

"நீங்க முந்தலன்னு உங்களுக்கே தெரியாதா? ஏன் திரும்பிப் போனீங்க?"

"எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு. ஆனா நம்பரைக் கூப்பிட்டா திரும்பணும். வாதாடறதெல்லாம் கரைக்கு வந்தப்புறம்."

"வந்தப்புறம் வாதாடலியே."

சகலை சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தனியா கடைசியில போயிட்டிருந்தேன். செய்யாத தப்புக்குத் திரும்பறோமேன்னு முதல்ல கோபம் வந்துச்சு. அப்புறம் வேற ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. கோபம் போயிடுச்சு."

"என்ன ஞாபகம்?"

"கீழ கூப்பிடறாங்க, வாங்க."

கூடத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். மனைவி ஒரு தட்டில் ரொட்டியும் அவித்த முட்டையும் வைத்துக் காத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னார். அவள் தட்டை நீட்டிய கை நீட்டியபடி நின்றது.

"தபால்காரர் வரைக்கும் சொல்லியாச்சுங்க."

"நான்தான் நிறுத்தச் சொன்னேனே."

"நீங்களாவே போய்ச் சொன்னீங்களா?"

"ஆமா."

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தாள். பிறகு முட்டையை இரண்டாகப் பிட்டுப் பெரிய பாதியை அவர் பக்கம் தள்ளினாள். "அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். சாப்பிடுங்க. அந்த இன்னொரு ஷூ எங்க?"

பக்கத்தில் சகலையின் மனைவி, அதாவது அவளுடைய தங்கை, புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். "அத்தான், இவர் வந்ததுலேருந்து பேசவே இல்ல. மேல போய் என்னமோ எழுதிக் குடுத்திருக்கார். ஜெயிச்சவர் மாதிரியும் இல்ல, தோத்தவர் மாதிரியும் இல்ல. நீங்க கேட்டுப் பாருங்களேன்."

"கேட்டாச்சும்மா. பிடி குடுக்க மாட்டேங்கறார்."

மெக்கானிக் முட்டையை மென்றார். இவ்வளவு ருசியாக ஒரு முட்டையைச் சாப்பிட்டு ரொம்ப நாளாயிற்று. கூடத்து ஜன்னல் வழியாகத் தண்ணீர் வெயிலில் தகதகத்தது. இந்தக் காற்றில் இன்னொரு ரவுண்டு போகலாம் என்று தோன்றியது. போன் திரையில் மாமியார், "கோப்பையைக் கொஞ்சம் வெளிச்சத்துல காட்டு," என்று சொல்லிக்கொண்டிருந்தார். எந்த மாப்பிள்ளைக்கு என்பதை மகள் இன்னும் சொல்லவில்லை.

டீச்சர் மேடையேறினார். நடந்ததை நடந்தபடி, டேப் முதல் டிக் வரை சொன்னார். மெக்கானிக் தானாக வந்து எழுதிக் கொடுத்ததைச் சொன்னபோது கூடத்தில் கைதட்டல் எழுந்தது. முதலில் எழுந்து நின்று தட்டியவர் சகலை. போனிலிருந்து மாமியாரின் குரல் கேட்டது: "எந்த மாப்பிள்ளைக்குத் தட்டறாங்க?"

"பெரியவருக்கும்மா," என்றாள் மனைவி.

"அப்ப சரி."

கோப்பையை வாங்கச் சகலையை அழைத்தார்கள். அவர் மேடைக்குப் போனார், கோப்பையைத் தொடவில்லை. டீச்சரிடம் தலையாட்டிவிட்டு ஒதுங்கி நின்றார்.

"இன்னொரு தாள் வந்திருக்கு," என்றார் டீச்சர். "கெடு நேரம் ஒரு மணி. இது அதைவிடக் கொஞ்சம் தாமதம், ஆறு வருஷம். எந்த விதியில சேர்க்கறதுன்னு எனக்குத் தெரியல. எழுதினவர் எல்லார் முன்னாலயும் படிக்கச் சொல்லியிருக்கார். படிக்கறேன்."

கண்ணாடியைச் சரிசெய்தார்.  மெக்கானிக் மெல்லுவதை நிறுத்தினார்.

"'நான் முதல் கோப்பை வாங்கிய வருடத்தின் கடைசிப் போட்டி. மூன்றாவது மிதவையை என் படகு உரசியது. உரசினால் அங்கேயே ஒரு முழு வட்டம் சுற்றிவிட்டுத்தான் போக வேண்டும். யாரும் பார்க்கவில்லை. நான் சுற்றவில்லை. மூன்று அடி வித்தியாசத்தில் ஜெயித்தேன். அன்றைக்கு நியாயமாக ஜெயித்தவர் என் சகலை.'"